பூந்தமல்லி சாலை – 17: தடங்கலில் பிறந்த பாட்டு

சென்ற அத்தியாயம் 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதியோடு நின்றது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் பிறந்த நாள் அது. வானகரம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். ஒரு பக்கம் கூவம், ஒரு பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலை, நடுவில் வயல். சொந்தமாகத் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெட்டி உள்ள வீட்டுத் திண்ணையிலும் ஜன்னல் கம்பியிலும் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் தொற்றிக்கொண்டு பார்த்ததெல்லாம் சென்னையைச் சுற்றியிருந்த எல்லா ஊருக்கும் பொதுவான சரித்திரம். பெட்டி வந்த கதை முடிந்தது. அதன் முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்பது இந்த வாரக் கதை.

அதிகம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. பெரியவர்களுக்கு வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ இருந்தது, வாரக் கடைசியில் படம் இருந்தது. பிள்ளைகளுக்கென்று ‘கண்மணிப் பூங்கா’ இருந்தது. அது போக, அந்தத் தலைமுறை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும் ஓர் அட்டை இருந்தது: ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’. ஒளிபரப்பு அடிக்கடி நின்றது. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஐந்து நிமிடம், ஏழு நிமிடம் சும்மா கிடந்தது. 1982 ஆகஸ்ட் 15 முதல் தில்லியின் தேசிய ஒளிபரப்பு நாடு முழுக்க ஓடத் தொடங்கிய பிறகும் இந்த ஓட்டைகள் போகவில்லை. அவற்றை அடைக்கக் கையில் கிடைத்த குறும்படங்களைப் போட்டார்கள். அப்படி ஓட்டையை அடைக்க வந்த ஒரு பொம்மைப் படம்தான், இந்தியாவில் ஒரு முழுத் தலைமுறைக்கு மனப்பாடமாகிப்போன பாடம்.

‘ஏக் அநேக் அவுர் ஏக்தா’. 1974-இல் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் வெளியிட்ட படம். ஏறத்தாழ ஏழு நிமிடம். ஒரு அக்கா, ஒரு தம்பி. ஒன்று என்றால் என்ன, பல என்றால் என்ன என்று தம்பி கேட்கிறான். அக்கா பாட்டாலேயே பதில் சொல்கிறாள். ஒரு குருவி, பல குருவி. வேடன் விரித்த வலையில் பறவைகள் மாட்டுகின்றன. தனித்தனியே இழுத்தால் வலை அசையாது. எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் எழும்ப, வலையே வானத்தில் பறக்கிறது. கடைசியில் எலிகள் வந்து வலையைக் கடித்து அறுக்கின்றன.

சென்னைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது இந்தியில்தான் வந்தது. ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் பாடினார்கள், பாதி உளறலாக, மெட்டு மட்டும் பிசகாமல். கதை புரிவதில் சிக்கல் இருக்கவில்லை, ஏனென்றால் அது நம் வீட்டுக் கதை. பஞ்சதந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் சித்திரக்கிரீவன் என்ற புறாவரசனும் இரணியகன் என்ற எலியும் செய்த வேலை அது. தாண்டவராய முதலியார் 1826-இல் சென்னைக் கல்விச் சங்கத்துக்காகத் தமிழில் கொடுத்த பஞ்சதந்திரத்தில் ‘சுகிர்லாபம்’ என்ற பகுதியாகப் பள்ளிப் பிள்ளைகள் படித்து வந்த கதை. பாட்டியிடம் கேட்டதைப் பெட்டியில் பார்த்தார்கள், அவ்வளவுதான். இந்தி எதிர்ப்பு கொதித்து அடங்கிய மாநிலத்தில் ஒரு இந்திப் பாட்டு குழந்தைகள் வாயில் எந்தச் சண்டையும் இல்லாமல் புகுந்தது என்பதை அரசியல்வாதிகள் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனிக்காததும் நல்லதுதான்.

இந்த ஏழு நிமிடத்துக்குப் பின்னால் இருந்தவர்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கூட்டணி லேசில் அமையாது. இயக்கியவர் விஜயா முலே, 1921-இல் பிறந்தவர். சத்யஜித் ராயோடு சேர்ந்து ஃபிலிம் சொசைட்டிகளின் கூட்டமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். நல்ல சினிமா என்றால் என்ன என்று அறிந்த கண் அது. அவரே பிறகு கல்வித் தொழில்நுட்ப மையத்தின் பொறுப்பை ஏற்று, 1975-76-இல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போன சோதனைக்காகக் குழந்தைகள் நிகழ்ச்சிகள் தயாரித்தார். அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. நடிகை சுஹாசினி முலே இவருடைய மகள்.

படம் வரைந்தவர் பீம்சேன் குரானா. ஃபிலிம்ஸ் டிவிஷனில் பின்னணி ஓவியராகச் சேர்ந்து, வெளியே வந்து ‘தி கிளைம்ப்’ என்ற குறும்படத்துக்குச் சிகாகோ விழாவில் வெள்ளி ஹ்யூகோ வாங்கியவர். 1977-இல் ‘கரோண்டா’ என்ற இந்திப் படத்தை இயக்கி, பம்பாயில் வீடு கிடைக்காமல் திண்டாடும் ஒரு ஜோடியின் கதையைச் சொன்னவரும் இவரே. பாட்டு எழுதியவர் தில்லியில் 1939-இல் கந்தர்வ மகாவித்யாலயத்தை நிறுவிய பண்டிட் வினய்சந்திர மௌத்கல்யா. இசை வசந்த் தேசாய். சாந்தாராம் படங்களுக்கு இசையமைத்து, ‘தோ ஆங்கேன் பாரா ஹாத்’ படத்தின் பிரார்த்தனைப் பாட்டால் வடநாட்டுப் பள்ளிகளின் காலை வணக்கத்தையே மாற்றிப்போட்ட மனிதர். ஏழு நிமிடக் குழந்தைப் படம்தானே என்று அவர் கை தளரவில்லை. படம் வந்த மறுவருடம், 1975 டிசம்பரில், லிஃப்ட் விபத்தில் இறந்துபோனார்.

பாடிய சின்னக் குரல் சாதனா சர்கம். அந்தப் பெயரைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தங்கர் பச்சானின் ‘அழகி’யில் இளையராஜாவின் இசையில் பாடியதற்காகத் தேசிய விருது வாங்கியவர். இந்தியில் ஒற்றுமையைப் பாடிய குழந்தை வளர்ந்து, தமிழ்ப் பாட்டுக்கு நாட்டின் உயர்ந்த விருதைப் பெற்றது. விஜயா முலே ஒற்றுமைக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கேட்டிருக்க முடியாது.

பொம்மைப் படத்தில் பாட்டு எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. திரைப்படச் சுருள் ஒரு நொடிக்கு 24 சட்டகம் ஓடும். முதலில் பாட்டைப் பதிவு செய்துவிடுவார்கள். தாளத்தில் அரை நொடிக்கு ஒரு தட்டு விழுகிறதென்றால், இரண்டு தட்டுக்கு நடுவே சரியாக 12 சட்டகம். குருவி அலகைத் திறப்பதும், பையன் காலை எடுத்து வைப்பதும், வலை இழுபடுவதும் அந்த 12-ஆம் சட்டகத்தில் விழுமாறு வரைவார்கள். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தி வைத்துச் சிக்கனம் செய்தாலும், ஏழு நிமிடத்துக்கு 5,040 படம் என்று கணக்கு வருகிறது. அசையாத மரத்துக்கும் வானத்துக்கும் ஒரே தாளை வைத்துச் சமாளிக்கலாம். பறவைக் கூட்டத்தில் சமாளிக்க முடியாது. பார்க்கிற குழந்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது; கண் பார்ப்பதும் காது கேட்பதும் ஒரே இடத்தில் தட்டும்போது அதன் தொடையில் கை தானாகத் தாளம் போடும். தாளம் போட்ட கை மறப்பதில்லை.

‘ஏக் அநேக்’ வருவதற்கு ஒரு வருடம் முன்னால், 1973 ஜனவரி 6-இல், அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘ஸ்கூல்ஹவுஸ் ராக்’ தொடங்கியிருந்தது. அங்கே கதை அரசாங்கத்தில் தொடங்கவில்லை, ஒரு விளம்பரக் கம்பெனியில் தொடங்கியது. கம்பெனி முதலாளி டேவிட் மெக்கால் தன் மகனைக் கவனித்தார். பையனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு வாயில் ஏறவில்லை. ராக் பாட்டு மட்டும் முழுசாக ஏறியிருந்தது. வாய்ப்பாட்டையே பாட்டாக்கினால் என்ன என்று பாப் டோரோ என்ற ஜாஸ் கலைஞரைக் கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: குழந்தைகள்தானே என்று தரத்தைக் குறைக்காதே. டோரோ முதலில் எடுத்தது மூன்றாம் வாய்ப்பாடு. கம்பெனியின் ஓவியர் டாம் யோகி அதற்குப் படம் போட்டார். இப்படிப் பாட்டுகள் ஒவ்வொன்றும் மூன்று நிமிடத் துண்டாக, சனிக்கிழமை காலை கார்ட்டூன்களுக்கு நடுவே செருகப்பட்டன. பெருக்கலுக்குப் பிறகு இலக்கணம், பிறகு சரித்திரம், பிறகு அறிவியல் என்று 1985 வரை ஓடியது.

அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த லின் ஆரன்ஸ் என்ற பெண் உணவு இடைவேளையில் கிட்டார் வாசிப்பதைப் பார்த்து அவரையும் பாட்டெழுத உட்கார வைத்தார்கள். அமெரிக்க அரசியல் சாசனத்தின் முகப்புரைக்கு அவர் மெட்டுப் போட்டார். மெட்டில் அடங்காததால் நாட்டின் பெயர் வரும் சில சொற்களை விட்டுவிட்டார். அந்தப் பாட்டால் முகப்புரையை மனப்பாடம் செய்தவர்கள் இன்றும் அந்தச் சொற்களை விட்டுவிட்டே பாடுகிறார்கள். மெட்டு பாடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். சில சமயம் கொஞ்சத்தை வழியில் கொட்டிவிட்டும் ஓடும்.

பீம்சேன் 2018 ஏப்ரல் 17-இல் காலமானார். பாப் டோரோ அதே ஏப்ரல் 23-இல். ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்களா என்ன! பம்பாயிலும் நியூயார்க்கிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஒரே காரியத்தைச் செய்தவர்கள், ஒரு வார இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு சங்கதியைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். இரண்டுமே முழு நிகழ்ச்சி கிடையாது. அமெரிக்கக் குழந்தைக்கு இரண்டு கார்ட்டூனுக்கு நடுவே மூன்று நிமிடம். இந்தியக் குழந்தைக்குத் தடங்கலுக்கும் செய்திக்கும் நடுவே ஏழு நிமிடம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் பார்க்க வேண்டியது, முடிந்தால் முடிந்தது. இன்னொரு முறை கேட்க வேண்டுமென்றால் தானே பாடிக்கொள்வதைத் தவிர வழி கிடையாது. பாட்டைப் பிள்ளைகளுக்குள் இறக்கியது மெட்டு மட்டும் இல்லை. அடுத்து எப்போது வருமோ என்ற அந்தப் பஞ்சமும்தான்.

திரும்பத் திரும்பச் சொல்லி ஏற்றும் வித்தை இந்தச் சாலைக்குப் புதிதில்லை. இந்தச் சாலையின் கிழக்குக் கோடியில், எழும்பூர் அநாதைப் பள்ளியில், 1789-இல் ஆண்ட்ரூ பெல் கண்டதை நான்காம் அத்தியாயத்தில் பார்த்தோம். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்றதையும், மூத்த பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததையும் எடுத்துக்கொண்டு போய், ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்துக்கே விற்றார். அதே திண்ணையில் எண்சுவடி ராகம் போட்டுத்தான் ஓதப்பட்டது. முழு எண்ணோடு விட்டார்களா? கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, 320-இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் வாய்ப்பாடு போனது. மெக்கால் மகன் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் மூன்றாம் வாய்ப்பாட்டுக்குத் திணறியிருக்க மாட்டான். சட்டாம்பிள்ளையின் பிரம்புக்குத் திணறியிருப்பான்.

பாட்டும் பொம்மைப் படமும் சேர்ந்த தமிழ்க் கதைக்கு இப்போது வடபழனிக்குப் போவோம். வானகரத்திலிருந்து வளசரவாக்கம் வழியாகக் கொஞ்ச தூரம்தான். 1989 ஜூலையில் ஏவி.எம். நிறுவனம் ‘ராஜா சின்ன ரோஜா’வை வெளியிட்டது. ரஜினிகாந்த் நடித்து எஸ்.பி.முத்துராமன் இயக்கிய படம். அதன் தலைப்புப் பாட்டில் ரஜினியும் குழந்தைகளும் காட்டுக்குள் போகிறார்கள். வரைந்த விலங்குகள் அவர்களோடு ஆடுகின்றன. நிஜ மனிதரும் பொம்மைப் படமும் ஒரே சட்டகத்துக்குள் வருவது தமிழ்த் திரைக்குப் புதுசு. கணினி கிடையாது. இல்லாத விலங்கைப் பார்த்து நடிகர்கள் சிரிக்க வேண்டும், குனிய வேண்டும், தட்டிக் கொடுக்க வேண்டும். படமாக்கி முடித்த பிறகு ஒவ்வொரு சட்டகமாக எடுத்து, நடிகரின் கண் எங்கே பார்க்கிறதோ அங்கே விலங்கை வரைந்து பொருத்த வேண்டும். கண் ஒரு விரற்கடை தப்பினால் ஏமாற்று வேலை வெளுத்துவிடும். வைரமுத்து எழுதிய அந்தப் பாட்டும் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் பாட்டுதான். புத்தி சொல்கிறோம் என்று காட்டிக்கொள்ளாததால் ஓடியது.

பொம்மைப் படத்துக்குச் சென்னை அதற்கு முன்பே அறிமுகம். ஜெமினி ஸ்டூடியோவில் என்.தாணு 1947-இலேயே ‘சினிமா கதம்பம்’ என்று ஒரு கேலிச்சித்திரக் குறும்படம் செய்திருந்தார். ஆனால் ரஜினி பாட்டுக்கு வரைந்த கை வேறு வம்சம். அவர் ராம் மோகன். 1956-இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவு தொடங்கியபோது அமெரிக்காவின் தொழில்நுட்ப உதவியாகப் பம்பாய்க்கு வந்தவர் கிளேர் வீக்ஸ். வால்ட் டிஸ்னியிடம் ‘ஸ்னோ ஒயிட்’, ‘பாம்பி’ படங்களில் வேலை பார்த்தவர். பிறந்ததோ இந்தியாவில், பாதிரியார் வீட்டில். அவரிடம் தொழில் கற்ற முதல் அணியில் இருந்தார் ராம் மோகன். அந்த அணியின் முதல் பெரிய படைப்பு 1957-இல் வந்த ‘தி பேனியன் டியர்’, புத்த ஜாதகக் கதை. அரசு வேலையை விட்டு எல்.வி.பிரசாத்தின் பிரசாத் புரொடக்‌ஷன்ஸ் அனிமேஷன் பிரிவுக்குத் தலைமை ஏற்றார், 1972-இல் தனிக்கடை போட்டார். பின்னாளில் யுனிசெஃப்புக்காக ‘மீனா’ என்ற சிறுமியை வரைந்தார். பெண் பிள்ளையையும் பள்ளிக்கு அனுப்பு, கை கழுவு என்று தெற்காசியா முழுக்கச் சொன்ன அந்தச் சிறுமிக்கும் ஒரு பாட்டு உண்டு. ராம் மோகனுக்கு 2014-இல் பத்மஸ்ரீ, 2019 அக்டோபரில் மறைவு.

‘ராஜா சின்ன ரோஜா’வுக்கு இசை சந்திரபோஸ். ‘மனிதன்’, ‘சங்கர் குரு’ என்று எண்பதுகளின் கடைசியில் ஏவி.எம்.முக்கு ராசியான இசையமைப்பாளராக இருந்தவர். 2010-இல் காலமானார். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிறிது நேரத்தில் திரும்ப வருவார்.

இடையே வந்த வருடங்களை வேகமாகத் தாண்டலாம். கேபிள் வந்தது. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி போனது. 2007 ஏப்ரலில் சன் குழுமத்தின் சுட்டி டிவி வந்தது. ஜன்னல் கம்பியில் தொற்றிப் பார்த்தவர்களின் பிள்ளைகள் சொந்த வீட்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பார்த்தார்கள்.

சுட்டி டிவியில் ஒரே ஒரு பொம்மைப் படத்தை மட்டும் நின்று பார்க்கலாம்: ‘டோராவின் பயணங்கள்’. அமெரிக்காவில் ஆங்கிலம் பேசும் குழந்தைக்கு ஸ்பானிஷ் வார்த்தை சொல்லிக் கொடுக்க 2000-இல் தொடங்கிய படம். தமிழுக்கு வந்தபோது தமிழ் பேசும் குழந்தைக்கு ஆங்கில வார்த்தை சொல்லிக் கொடுத்தது. வரைபடம் பாடும், பை பாடும், மூன்று இடத்தின் பெயரை மூன்று முறை சொல்லச் சொல்லும். இதில் கெட்டிக்காரத்தனமான விஷயம், டோரா கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணைக் கொட்டிக்கொண்டு சும்மா நிற்பது. பெரியவர்களுக்கு எரிச்சல் வரும். குழந்தை அந்த நொடிகளில் பெட்டியைப் பார்த்துக் கத்திப் பதில் சொல்லும். குள்ளநரி வரும்போது வீடே அதிரும். பழைய தூர்தர்ஷனில் தற்செயலாக விழுந்த ஓட்டையை இவர்கள் வேண்டுமென்றே படத்துக்குள் வைத்துத் தைத்திருந்தார்கள். குழந்தை வாய் திறக்க இடம் விட்டிருந்தார்கள்.

2013 பிப்ரவரியில் சென்னையிலிருந்து யூடியூபில் ஓர் ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஏறியது. கன்னம் கொழுகொழுவென்ற குழந்தையைப் பற்றிய பழைய ரைம்ஸ். போட்டவர் வினோத் சந்தர். மகளை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரையே சேனலுக்கு வைத்தார்: சுச்சு டிவி. ஐந்தே வருடத்தில் அதன் பாட்டுகள் 1,900 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டன. வினோத் சந்தர் வேறு யாருமில்லை, இசையமைப்பாளர் சந்திரபோஸின் மகன். டிஸ்னியிடமிருந்து கிளேர் வீக்ஸ், அவரிடமிருந்து ராம் மோகன், அவர் வரைந்த பாட்டுக்கு மெட்டுப் போட்ட சந்திரபோஸ், அவருடைய மகன் என்று, குழந்தைப் பாட்டின் சரித்திரம் கோடம்பாக்கத்துக்குள் புகுந்து உலகத்துக்கு வெளியேறியிருக்கிறது. சினிமாக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மெட்டின் பலம் தெரியாமல் இருக்குமா?

சுச்சு டிவிக்காரர்கள் பழைய ஆங்கில ரைம்ஸை அப்படியே போடவில்லை. விழுந்து மண்டை உடைவதோடு முடிகிற பாட்டுக்கு, எழுந்து மறுபடி முயல்வதாக ஒரு தொடர்ச்சி எழுதினார்கள். பயமுறுத்தும் இடங்களை இளக்கினார்கள். இருநூறு, முந்நூறு வருடத்துப் பிரிட்டிஷ் பாட்டைச் சென்னையில் உட்கார்ந்து திருத்தி, லண்டன் குழந்தைக்கே திருப்பி அனுப்பினார்கள். பெல் துரை எழும்பூரிலிருந்து எடுத்துப் போனதற்கு இது வட்டியும் முதலும்.

ஆனால் தொழில் திறமை வேறு, பாடம் ஏறுவது வேறு. இன்றைய வானகரத்தில் திருமண மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. அரசியல் கட்சிகளின் பொதுக்குழு கூடும் அளவுக்குப் பெரியவையும் உண்டு. முகூர்த்த நாளில் எந்தப் பந்தியிலும் இதைப் பார்க்கலாம்: தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த கைபேசி, அதில் ரைம்ஸ், எதிரே இரண்டு வயதுக் குழந்தை, அதன் வாயில் அம்மா தள்ளும் இட்லித் துண்டு. குழந்தை மெல்லுகிறது, பாடவில்லை. ஒரு பாட்டு முடிந்த மூன்றாம் நொடியில் அடுத்த பாட்டு. அது முடிந்தால் அடுத்தது. ஒரு மணி நேரத் தொகுப்பாகவே கிடைக்கும்போது, முடிவு என்று ஒன்று எங்கே வரப்போகிறது?

குறை பாட்டில் இல்லை. 1974-இன் பாட்டையும் இதே போல மணிக்கணக்கில் ஓடவிட்டால் குழந்தை இதே போலத்தான் மென்றுகொண்டு பார்க்கும். தூர்தர்ஷன் காலத்துப் பிள்ளை அந்தப் பாட்டைப் பாடியது, பாட்டு நின்றுபோனதால். டோரா காலத்துப் பிள்ளை கத்தியது, டோரா வாயை மூடியதால். இப்போது நிற்பதே இல்லை. பாட்டு சுமக்கிற பாடத்தைக் குழந்தை தன் வாயால் எடுத்துக்கொள்ளச் சந்தர்ப்பமே வருவதில்லை. படம் ஓட்டும் கம்பெனிகளுக்கே இது புரியாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் யூடியூப், தன் குழந்தைகள் செயலியில் அடுத்த படம் தானாக ஓடும் வசதியை அணைத்து வைத்தே கொடுப்பதாக அறிவித்தது. நம் வீடுகளில் குழந்தை கையில் இருப்பது பெரும்பாலும் அந்தச் செயலி இல்லை. அப்பாவின் கைபேசி, அப்பாவின் கணக்கு.

திரையே இல்லாமல் இதைச் செய்கிற இடம் பக்கத்திலேயே இருக்கிறது. கொரோனாவில் இரண்டு வருடம் பள்ளி மூடிக் கிடந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தே மறந்துபோன நிலையில், 2022 ஜூன் 13-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. தொடங்கிய இடம் திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான வகுப்பறையில் கதைக் களம், பொம்மலாட்டக் களம் என்பவற்றோடு பாடல் களம் என்று ஒரு மூலையும் உண்டு. டீச்சர் ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், பிள்ளைகள் பாடுவார்கள். நிறுத்துவார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அரசுத் திட்டங்களைக் கிண்டல் செய்வது பத்திரிகை வழக்கம். இந்த மூலையைக் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை.

அப்படிப் பாட ஏற்ற பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். அழ. வள்ளியப்பா 1922-இல் ராயவரத்தில் பிறந்தவர், இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்கு எழுதியவர், 1989-இல் மறைந்தவர். அவருடைய லட்டுப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு, அதில் எட்டு லட்டு. பாதியை ஒரு பையன் எடுக்கிறான், மீதி தங்கைக்குப் போகிறது, கடைசியில் தட்டு காலி. ஒவ்வொரு வரியும் ஒரே ஓசையில் போய் முட்டுகிறது. அந்த ஓசைக்காகவே குழந்தை பாடுகிறது; பாடும்போதே எட்டில் பாதி எவ்வளவு, மீதி எவ்வளவு என்ற கணக்கும் பங்கிட்டுத் தின்னும் குணமும் உள்ளே போய்விடுகின்றன. 12 சட்டகக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. ஓசையே படம் காட்டுகிறது.

இன்று யூடியூபில் இந்தப் பாட்டுக்கு எத்தனையோ பொம்மைப் படங்கள் இருக்கின்றன. லட்டு உருளுகிறது, தட்டு பளபளக்கிறது. பெரும்பாலானவற்றில் வள்ளியப்பாவின் பெயர் இல்லை. படத்துக்குக் கீழே விளக்கக் குறிப்பில் சேனலின் பெயர் உண்டு, சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லும் வேண்டுகோள் உண்டு, எழுதியவர் பெயருக்கு மட்டும் இடம் கிடைப்பதில்லை. தமிழ்க் குழந்தைப் பாட்டை வைத்துச் சம்பாதிக்கும் சேனல்காரர்களிடம் இந்தத் தொடர் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பாட்டின் முதல் சட்டகத்தில் ‘பாடல்: அழ. வள்ளியப்பா’ என்று ஒரு வரி போடுங்கள். அதற்கு ஒரு பைசா செலவாகாது.

(தொடரும்)